அசையும் சீரும்: எண்ணிக் காணும் கலை

நுழையும்முன்

ஒரு செயலை எத்தனை வழிகளில் செய்யலாம் என்னும் வினா கணக்குப் பாடத்திற்கு மட்டும் உரியதன்று. யாப்பிலக்கண நூலார் சீர்களையும் தொடைகளையும் வகைப்படுத்தியபோது இவ்வினாவையே எதிர்கொண்டனர். வகைகளைப் பட்டியலிடுவது எளிது. விடுபட்ட வகை ஒன்றும் இல்லை என உறுதி கூறுவதே அரிது. அவ்வுறுதியைத் தரும் வரிசைமாற்றம், சேர்வு என்னும் இரு கருத்துகளை யாப்பின் வழியாக விளக்குகிறது இப்பாடம்.

பெருக்கலும் கூட்டலும்

யாப்பில் அசைகள் இரண்டு: நேர், நிரை. ஈரசைச் சீரில் முதலிடத்தில் இவற்றுள் ஒன்று வரலாம். இரண்டாம் இடத்திலும் இவற்றுள் ஒன்று வரலாம். முதலிடத்தின் ஒவ்வொரு வாய்ப்புக்கும் இரண்டாம் இடத்தில் இரண்டு வாய்ப்புகள் உள்ளமையால் 2 × 2 = 4 சீர்கள் பிறக்கின்றன. அவையே தேமா, புளிமா, கருவிளம், கூவிளம். இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக நிகழும் தேர்வுகளின் எண்ணிக்கைகளைப் பெருக்குவது பெருக்கல் விதி எனப்படும்.

இந்நான்கனோடு காய் அல்லது கனி சேர மூவசைச் சீர்கள் 4 × 2 = 8 ஆகின்றன. தண்பூ, நறும்பூ, தண்ணிழல், நறுநிழல் என்னும் நான்கும் சேர நாலசைச் சீர்கள் 4 × 4 = 16 ஆகின்றன. நாள், மலர் என்னும் ஓரசைச் சீர்கள் 2. ஒரு சீர் ஒரே வேளையில் ஈரசைச் சீராகவும் மூவசைச் சீராகவும் இருத்தல் இயலாது. ஒன்றோடொன்று கலவாத இத்தகைய வகைகளைக் கூட்டுவது கூட்டல் விதி. அதன்படி 2 + 4 + 8 + 16 = 30. அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகை வழிவந்த யாப்பு மரபு கொள்ளும் சீர்களின் தொகை இதுவே. முப்பத்தொன்றாவதாக ஒரு சீரை நான்கு அசைகளுக்குள் எவராலும் அமைக்க இயலாது என்பதை இக்கணக்கு நிறுவுகிறது.

வரிசை மாறினால் பொருள் மாறும்

நேரை அடுத்து நிரை வரின் கூவிளம். நிரையை அடுத்து நேர் வரின் புளிமா. அசைகள் அவையே, அடுக்கிய முறைதான் வேறு. இவ்வேறுபாடு பெயரளவில் நின்றுவிடுவதில்லை. வெண்பாவில் மாச்சீரை அடுத்து நிரையசை வருதல் வேண்டும். தேமாவை அடுத்துப் புளிமா வந்தால் வெண்டளை அமையும். அவ்விடத்தில் கூவிளம் வந்தால் தளை தட்டும். ஆகவே, அசைகளை எண்ணும்போது வரிசையைக் கருதியே ஆதல் வேண்டும். வரிசையைக் கருதி அமைக்கும் ஒவ்வோர் அடுக்கும் ஒரு வரிசைமாற்றம் ஆகும்.

சீரில் ஓர் அசை மீண்டும் வரலாம். மீண்டும் வரலாகாத இடங்களும் உண்டு. கவியரங்கில் நால்வர் ஒருவர்பின் ஒருவராகக் கவிதை படிக்க வேண்டும் எனக் கொள்வோம். முதலில் படிப்பவரை 4 வழிகளில் தேர்ந்தெடுக்கலாம். அவர் நீங்கலாக எஞ்சியோர் மூவர், பின்னர் இருவர், இறுதியில் ஒருவர். எனவே 4 × 3 × 2 × 1 = 24 வரிசைகள் அமையும். இப்பெருக்கத்தை 4! என எழுதுவர், இதற்குக் காரணியப் பெருக்கம் என்று பெயர். ஆள் ஒருவர் கூடி ஐவரானால் 5! = 120 வரிசைகள் ஆகும்.

ஒத்த உறுப்புகள் இருப்பின் இவ்வெண்ணிக்கை குறையும். 'விகடகவி' என்னும் சொல்லில் ஐந்து எழுத்துகள் உள்ளன. அவை யாவும் வெவ்வேறாயின் 120 அடுக்குகள் கிடைக்கும். ஆனால் 'வி' இருமுறையும் 'க' இருமுறையும் வருகின்றன. இரண்டு 'வி'களை இடம் மாற்றினாலும் சொல் மாறாது. இரண்டு 'க'களுக்கும் அஃதே. ஆதலால் ஒவ்வோர் அடுக்கும் 2 × 2 = 4 முறை எண்ணப்பட்டுள்ளது. உண்மையான எண்ணிக்கை 120 ÷ 4 = 30.

தேர்ந்தெடுத்தல் மட்டும் வேண்டுமாயின்

ஐந்து மாணவருள் மூவரைத் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய பொறுப்புகளுக்கு அமர்த்த வேண்டுமாயின் 5 × 4 × 3 = 60 வழிகள் உண்டு. அவ்வைவருள் மூவரைப் பட்டிமன்ற அணிக்கு அனுப்ப மட்டும் வேண்டுமாயின் 60 என்பது மிகையான விடை. அணியில் முதலில் பெயர் கூறப்பட்டவர் யார், பின்னர்க் கூறப்பட்டவர் யார் என்பதால் அணி மாறுவதில்லை. மூவர் கொண்ட ஒவ்வோர் அணியும் 3! = 6 வரிசைகளில் தோன்றி ஆறுமுறை எண்ணப்பட்டிருக்கிறது. எனவே 60 ÷ 6 = 10 அணிகளே உள்ளன. வரிசையைக் கருதாது செய்யும் இத்தேர்வு சேர்வு எனப்படும்.

இவ்விரண்டையும் பிரித்தறிய ஒரு வினா போதும்: தேர்ந்தெடுத்தவற்றை இடம் மாற்றினால் விளைவு மாறுமா? மாறுமாயின் வரிசைமாற்றம், மாறாதாயின் சேர்வு. சூத்திரத்தை மனனம் செய்தவர் தடுமாறும் இடத்தும் இவ்வினாவைக் கேட்டவர் தடுமாறார்.

நான்கு இலக்கப் பூட்டெண் இதற்கு நல்ல சான்று. அதில் பயன்பட்ட நான்கு வெவ்வேறு இலக்கங்கள் எவை என ஒருவர் அறிந்துவிட்டாலும் பூட்டு உடனே திறவாது. 24 வரிசைகள் எஞ்சியிருக்கும். பூட்டைக் காப்பதில் இலக்கங்களுக்கு உள்ள பங்கு வரிசைக்கும் உண்டு.

தொடையில் மறைந்த சேர்வு

நாற்சீர் அடியில் முதற்சீரோடு பிற சீர்கள் மோனையால் இயைவதைக் காண்போம். முதற்சீர் நிலையானது. எஞ்சிய மூன்று சீர்களுள் எவை அதனோடு இயைகின்றன என்பதே வினா. இங்குச் சீர்களின் இடம் முன்னரே உறுதியாகிவிட்டதால் தேர்வு மட்டுமே எஞ்சுகிறது. எனவே இது சேர்வு.

மூன்றனுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க 3 வழிகள்: இரண்டாம் சீர் இயையின் இணை, மூன்றாம் சீர் இயையின் பொழிப்பு, நான்காம் சீர் இயையின் ஒரூஉ. மூன்றனுள் இரண்டைத் தேர்ந்தெடுக்கவும் 3 வழிகள்: இரண்டும் மூன்றும் கூழை, மூன்றும் நான்கும் மேற்கதுவாய், இரண்டும் நான்கும் கீழ்க்கதுவாய். மூன்றையும் கொள்ள 1 வழி, அது முற்று. ஆக 3 + 3 + 1 = 7.

ஒவ்வொரு சீரும் இயையலாம் அல்லது இயையாதிருக்கலாம் என நோக்கின் 2 × 2 × 2 = 8 வாய்ப்புகள். அவற்றுள் எச்சீரும் இயையாத ஒன்றை நீக்கினாலும் ஏழே வரும். இரு வழிகளும் ஒரே விடையைத் தருவதால் எட்டாவது விகற்பம் ஓரடிக்குள் இல்லை என்பது தெளிவாகிறது.

அடிதோறும் வரும் அடித்தொடையையும் சேர்க்க விகற்பம் எட்டாகும். மோனை, எதுகை, முரண், இயைபு, அளபெடை ஆகிய ஐந்திற்கும் 5 × 8 = 40. அந்தாதி, இரட்டை, செந்தொடை ஆகிய மூன்றும் கூடத் தொடை 43 எனக் காரிகை மரபு கொள்ளும். பெருக்கல் விதியும் கூட்டல் விதியும் இத்தொகையில் ஒருங்கே அமைந்துள்ளன.

தெரிந்து தெளிவோம்

சேர்வுக் கணக்கு இந்திய மண்ணில் தொன்மையானது. அறுசுவைகளை ஒன்றாகவும் இரண்டாகவும் பலவாகவும் சேர்த்தால் 63 கலவைகள் அமையும் எனச் சுசுருத சம்ஹிதை கூறுகிறது. பதினாறு நறுமணப் பொருள்களுள் நான்கைத் தேர்ந்தெடுக்க 1820 வழிகள் உள்ளதை வராகமிகிரர் ஆறாம் நூற்றாண்டில் கூறினார். ஒன்பதாம் நூற்றாண்டின் மகாவீரர் சேர்வைக் காணும் பொது விதியைத் தந்தார். பாஸ்கரரின் லீலாவதி 1150ஆம் ஆண்டளவில் வரிசைமாற்றம், சேர்வு இரண்டையும் விளக்கியது.

முடிவாக

எண்ணுதல் என்பது ஒன்றையும் விடாமலும் எதையும் இருமுறை கொள்ளாமலும் காண்பதாகும். பெருக்கல் விதி விடுபடாமல் காக்கிறது. வகுத்தல் மிகைபடாமல் காக்கிறது. இலக்கண வகைப்பாட்டை இவ்வாறு சரிபார்த்துக் கற்பவர், அதனை மனப்பாடப் பட்டியலாக அன்றிக் காரணம் உடைய அமைப்பாகக் கண்டுகொள்வர்.

கற்பவை கற்றபின்

1. அறுசுவைகளுள் மூன்றைச் சேர்க்கும் வழிகள் 20 என நிறுவுக. 63 என்னும் மொத்தத்தை இரு முறைகளில் பெறுக.
2. ஐவருள் மூவரைத் தேர்ந்தெடுக்கும் வழிகளும், ஐவருள் இருவரை நீக்கும் வழிகளும் எண்ணிக்கையில் ஒத்திருப்பது ஏன்?
3. 'விகடகவி' என்னும் சொல்லின் எழுத்துகளால் அமையும் 30 அடுக்குகளுள் இருபுறமிருந்து படித்தாலும் ஒன்றாகவே அமைவன எத்தனை? அவற்றை எழுதுக.
4. ஐஞ்சீர் அடியில் முதற்சீரோடு பிற சீர்கள் மோனையால் இயையும் விகற்பங்கள் எத்தனை எனக் கணக்கிட்டு, வகுப்பில் விளக்குக.