ஆக்கியோன் ஒருவன், திருத்தியோன் ஒருவன்

தொழிற்சாலையிற் செம்மையாகச் செய்து முடித்து விற்கப்பட்ட மோட்டார் வண்டியை வேறொருவர் எடுத்து, அதன் இயந்திரத்தைக் கழற்றி, முன்னையினும் வல்லதாக்கித் தருவது மேனாடுகளில் ஒரு தனித் தொழிலாக வளர்ந்துள்ளது. இதனை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்குவாரும் உளர். விலையுயர்ந்த வண்டியை வாங்கி, மேலும் பொருளிறைப்போருள் ஒலிக்காகவும் பகட்டுக்காகவுமே அவ்வாறு செய்வோர் இருப்பது மெய்யே. ஆயினும் இத்தொழிலை நேர்மையோடு நடத்தியோரது வரலாறு, பௌதிகம் பயிலும் மாணவர் சிந்தனைக்கு நல்ல உணவாகும். ஜேர்மனியின் பவேரியா மாநிலத்து ஆல்பினா நிறுவனத்தை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

ஆல்பினா என்பது முதலில் ஒரு தட்டச்சுப்பொறியின் பெயர். கௌப்பொய்ரன் என்னும் ஊரில் அதனைச் செய்தவரின் மைந்தரே புர்க்கார்ட் பொவென்சீப்பன். 1960களின் தொடக்கத்தில், பீ.எம்.டபிள்யூ. நிறுவனம் 80 பரிவலு கொண்ட 1500 என்னும் வண்டியை வெளியிட்டது. இவ்விளைஞர் அதன் இயந்திரத்துக்கு இரண்டு வெபர் காபுரேற்றர்களை இணைக்கும் தொகுதியொன்றை ஆக்கினார். இதனால் விளைந்த பயன் யாது?

பெற்றோல் இயந்திரம் அடிப்படையில் வளியை உண்டு உயிர்வாழும் பிராணி. ஒரு கிலோகிராம் பெற்றோல் முற்றும் எரிதற்கு ஏறத்தாழ 14.7 கிலோகிராம் வளி வேண்டும். பெற்றோலை மிகுதியாகப் புகுத்துதல் எளிது. அதற்கேற்ற வளியைக் கணப்பொழுதில் உருளைக்குள் நிரப்புதலே அரிது. வளி வரும் வழியை அகலமாக்கலாம். வால்வுகள் திறக்கும் காலத்தை நீட்டலாம். இயந்திரத்தை விரைந்து சுழலச் செய்யலாம். அன்றி வளியை வலிந்து உட்செலுத்தலாம். திருத்துவோர் கையாளும் உபாயங்களெல்லாம் பெரும்பாலும் இவற்றுள் அடங்கும். பொவென்சீப்பனின் காபுரேற்றர்கள் முதல் வகையின.

இங்கேதான் தொழில்நுட்பத்தினும் கடியதொரு வினா எழுகின்றது. திருத்திய இயந்திரம் நடுவழியில் உடைந்தால் பொறுப்பேற்பவர் யார்? ஆக்கியோன், "நான் செய்தது இதுவன்று" என்பான், அதிற் பிழையில்லை. திருத்தியோனோ, "உடைந்த பகுதி என்னுடையதன்று" என்பான். வண்டிக்காரர் இருவருக்கும் இடையில் நிற்பார். ஆல்பினாவின் தனிச்சிறப்பு இவ்விடத்தே தோன்றுகின்றது. 1964இல், பீ.எம்.டபிள்யூ. விற்பனைத் தலைவராயிருந்த பவுல் ஹானமன் அத்தொகுதியின் தரத்தை ஏற்றுக்கொண்டார். அது பொருத்தப்பட்ட வண்டிகளுக்கும் தொழிற்சாலை உத்தரவாதம் செல்லும் என்றாயிற்று. அடுத்த ஆண்டு, 1965இல், ஆல்பினா முறைப்படி நிறுவப்பெற்றது. பின்னர் பூக்லோ என்னும் ஊருக்கு இடம்பெயர்ந்தது. எத்தனை பந்தய வெற்றிகளை எண்ணினும், அந்த உத்தரவாதமே அந்நிறுவனத்தின் முதற்பெருஞ் செல்வம் என்பது எம் கருத்து.

வளியை வலிந்து செலுத்தும் முறைக்கு 1989இல் வெளிவந்த பீ 10 பை-டேர்போ என்னும் வண்டி தக்க சான்று. அதற்கு மூலமான பீ.எம்.டபிள்யூ. 535ஐ 211 பரிவலு தந்தது. அதே 3.4 இலீற்றர் இயந்திரத்தில், கழிவு வாயுவாற் சுழலும் இரண்டு டேர்போக்களைப் பொருத்தி, ஆல்பினா 360 பரிவலுவைப் பெற்றது. மிகை அமுக்கம் 0.8 பார் வரை செல்லும். அஃதாவது உட்புகும் வளியின் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் ஏறத்தாழ 1.8 மடங்கு. வெப்பநிலை மாறாதிருப்பின் வளியின் திணிவும் அதே மடங்காகும் என்பதைப் போயிலின் விதி கற்றோர் அறிவர். வலுவோ 1.7 மடங்காயிற்று. கணக்கு அண்மையில் வந்து நின்றதேயன்றி முற்றும் ஒத்திலது. அமுக்கப்படும் வளி சூடேறும். சூடேறிய வளி ஐதாகும். துவிச்சக்கர வண்டிக்குக் காற்றடித்த எவரும் குழாயின் அடி சுடுவதை உணர்ந்திருப்பர். அன்றியும், மிகு வெப்பத்தில் எரிபொருட் கலவை வேளைக்கு முன் தானே வெடித்து, பிஸ்டனைச் சம்மட்டியால் அறைந்தாற்போல் தாக்கும். இதனைத் தடுக்கவே இயந்திரத்தின் நெருக்கல் விகிதத்தைக் குறைத்தல், அடித்துருவாக்கிய வலிய பிஸ்டன்களை இடுதல் முதலிய வேலைகள் வேண்டியனவாயின.

இயந்திரத்தோடு வேலை முடிந்துவிடுமோ? வளித்தடையை வெல்ல வேண்டிய வலு வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப வளரும். வேகத்தைக் காற்பங்கு கூட்டுதற்கே ஏறத்தாழ இருமடங்கு வலு வேண்டும். அவ்வேகத்தில் ஓடும் வண்டியை நிறுத்தும்போது, தடுப்புகள் வெப்பமாக மாற்ற வேண்டிய சக்தி ஒன்றரை மடங்கினும் மிகும். ஆகவே தடுப்பு, சில்லு, வில், குளிர்த்தி யாவும் மாற வேண்டும். பை-டேர்போவின் உச்ச வேகம் மணிக்கு 290 கிலோமீற்றர். நான்கு கதவுகளுடைய குடும்ப வண்டியொன்று அவ்வேகத்திற் செல்வதாயின், இயந்திரத்தை மட்டும் மாற்றியவன் அரைவேலையன்று, தீங்கே செய்தவனாவான்.

இக்காலத்து வண்டிகளில் எரிபொருளின் அளவையும் தீப்பொறியின் வேளையையும் டேர்போவின் அமுக்கத்தையும் ஒரு சிறு கணினி ஆளுகின்றது. அதிலுள்ள எண்களை மாற்றி, அரைநாளில் வலுவைக் கூட்டித் தருவோர் பல நாடுகளிலும் உளர். அவர்கள் புதிதாக எதையும் படைப்பதில்லை. ஆக்கியோன் விட்டுவைத்த மிச்சத்தைச் செலவிடுகின்றனர். அம்மிச்சம் மறதியால் விடப்பட்டதன்று. தரங்குறைந்த பெற்றோல், கொடுங்கோடை, நீண்ட மலையேற்றம், எண்ணெய் மாற்ற மறந்த உரிமையாளர் ஆகிய யாவர்க்கும் எவற்றுக்குமாக வைக்கப்பட்டது. அதில் எவ்வளவு எடுக்கலாம் என்பதைச் சோதனைக்கூடத்திற் பன்னாள் ஓட்டிப் பார்த்தவனே சொல்லவல்லான்.

1983இல் ஜேர்மனிய அரசு ஆல்பினாவைத் திருத்துவோர் என்னாது, வண்டி ஆக்குவோர் என்றே பதிவு செய்தது. (இடையில் பொவென்சீப்பன் திராட்சமது வாணிகத்திலும் இறங்கினார், அவ்விரு தொழிலும் ஒரே கூரையின்கீழ் நடந்தது வியப்பே.) பை-டேர்போ வண்டிகள் ஆக்கப்பட்டவை 507 மட்டுமே. 2022இல் ஆல்பினா என்னும் பெயரின் உரிமையைப் பீ.எம்.டபிள்யூ. வாங்குவதாக அறிவிக்கப்பட்டது, பழைய கூட்டுழைப்பு 2025 முடிவுவரை என வரையறுக்கப்பட்டது. பொவென்சீப்பன் 2023இல் மறைந்தார். அவர் மைந்தர் தம் குடும்பப் பெயராலேயே ஒரு நிறுவனம் கண்டு, 2025இல் முதல் வண்டியைக் காட்சிக்கு வைத்தனர். அதற்கு மூலமும் ஒரு பீ.எம்.டபிள்யூ. வண்டியே.