புளியறைக் கணவாய்ச் சாரலும் கார் சாகுபடியும்

மழை பெய்தது என்று கூறுவது வேறு. எவ்வளவு பெய்தது என்று அறிவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு விதைப்பவர், விதையையும் உழவுக் கூலியையும் ஒருங்கே இழக்க நேரிடும். தென்காசி, செங்கோட்டை வட்டாரங்களில் கார் நெல் பயிரிடுவோர் இவ்வேறுபாட்டை நன்கு உணர்தல் அவசியம்.

கணவாயின் இயல்பு

தென்மேற்குப் பருவக்காற்றுக்குக் குறுக்கே மேற்குத் தொடர்ச்சி மலை நெடுஞ்சுவராக நிற்கின்றது. புளியறைக்கு மேற்கேயுள்ள ஆரியங்காவுக் கணவாய் அச்சுவரில் ஒரு வாயில் போன்றது. 1904ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கொல்லம் - செங்கோட்டை இரயில்பாதை மலையைக் கடப்பதற்கு இவ்வழியே தேர்ந்தெடுக்கப்பட்டது. காற்றும் மேகமும் நுழையும் வழியும் இதுவே. ஜூன் முதல் தேதியை ஒட்டிக் கேரளக் கரையில் தொடங்கும் பருவமழையின் ஒரு சிறு பகுதி இதன் வழியாகக் கிழக்கே வந்து, ஆனி, ஆடி மாதங்களில் புளியறை, செங்கோட்டை, குற்றாலம், தென்காசி ஆகிய ஊர்களில் சாரலாக விழுகின்றது.

கிழக்கே மழை குன்றுவதன் காரணம்

காற்று மேலே ஏறுங்கால் குளிர்கின்றது. கீழே இறங்குங்கால் சூடேறுகின்றது. மேகம் உண்டாகும் வரையில் கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறையும். மேகம் உண்டானபின், நீராவி நீராகுங்கால் வெளிப்படும் வெப்பத்தால் அக்குறைவு ஏறத்தாழப் பாதியாகிவிடும். உதாரணமாக, மேற்கே 28 டிகிரியுள்ள காற்று அரைக் கிலோமீட்டர் ஏறி 23 டிகிரியாகி மேகமாவதாகக் கொள்வோம். இன்னும் ஒரு கிலோமீட்டர் ஏறினால் அது 18 டிகிரியாகும். தன் நீரை மேற்குச் சரிவிலேயே பொழிந்துவிட்டு, அதே ஒன்றரைக் கிலோமீட்டர் கிழக்கே இறங்குங்கால் அது 33 டிகிரியாகிவிடும். ஏறிய காற்றைவிட இறங்கிய காற்று 5 டிகிரி வெப்பம் மிகுந்தது, ஈரமும் அற்றது.

ஆகவே, கணவாய்க்கு நேரே உள்ள புளியறையில் வயல் நனைந்து கிடக்க, அதிகத் தொலைவில்லாத சுரண்டை, ஆலங்குளம் பக்கங்களில் அதே நாளில் வறண்ட காற்றே வீசக்கூடும். அக்காற்று காற்றாலைகளுக்கு உகந்தது. நிலத்தின் ஈரத்துக்கு உகந்ததன்று.

சாரலின் உண்மை அளவு

நாள் முழுவதும் தூறிய சாரல் சில சமயம் 3 மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. 3 மில்லிமீட்டர் என்பது ஏக்கருக்குச் சுமார் 12,000 லிட்டர். இது பெருந்தொகை போலத் தோன்றும். ஆயினும் பலத்த காற்றுள்ள ஒரு பகலில் ஈர நிலத்திலிருந்து 5 மில்லிமீட்டர் வரை ஆவியாகிவிடக் கூடும். நெல் வயலைத் தொளியடித்துப் பண்படுத்துவதற்கு மட்டும் ஏறத்தாழ 200 மில்லிமீட்டர், அதாவது ஏக்கருக்கு எட்டு லட்சம் லிட்டர் நீர் வேண்டும். சாரல் மேல்மண்ணைக் குளிர்விக்குமேயன்றி, வயலை நிரப்பாது. கார் நெல்லை விளைவிப்பது மலைமேல் பெய்து ஆற்றிலும் அணையிலும் சேரும் நீரே.

செங்கோட்டைக்கு அருகிலுள்ள குண்டாறு அணை 36.10 அடி உயரமே உள்ள சிற்றணை; விரைவில் நிரம்பும் இயல்புடையது. மேக்கரையிலுள்ள அடவிநயினார் அணையோ 132 அடி. குண்டாறு நிரம்பிவிட்ட செய்தியைக் கேட்டுப் பிற அணைப் பாசனத்தார் நாற்றுப் பாவுதல் தகாது.

அன்றியும், மலைமேல் பெய்யும் மழை அடிவாரத்தில் இருப்போருக்குத் தெரிவதில்லை. 2024ஆம் ஆண்டு மே 17ஆம் தேதி பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளத்தில் ஒரு சிறுவன் உயிரிழந்தான். ஓடைக்கரையில் ஆடுமாடு மேய்ப்போரும், மடை திருப்பச் செல்வோரும் மலைமுகட்டில் கார்மேகம் கண்டவுடன் கரையேறிவிட வேண்டும்.

மழையை அளக்கும் முறை

துறையினர் வைக்கும் மழைமானி இல்லாவிடத்தில், வாயும் அடியும் ஒரே அகலமுள்ள நேரான தகரக் குவளையே போதும். அதன் வாய் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும்படி மட்டமாக நிறுத்துக. அருகிலுள்ள மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் இருமடங்கு தூரம் விலகி வைக்க வேண்டும். தினமும் காலை எட்டரை மணிக்கு நீரின் ஆழத்தை மில்லிமீட்டர் கோலால் அளந்து குறித்துவிட்டு, நீரைக் கொட்டிவிடுக. 2.5 மில்லிமீட்டரேனும் பெய்த நாளையே வானிலைத் துறையார் மழைநாள் எனக் கணக்கிடுகின்றனர்.

விவசாயிகள் செய்யத்தக்கவை

1. முதற் சாரலைக் கண்டு நாற்றுப் பாவாமல், தம் கால்வாயில் நீர் திறக்கும் நாளை உறுதி செய்துகொண்டு பாவுக. நீர் தாமதித்து நாற்று 25 நாளுக்கு மேல் முற்றினால், குறுகிய கால நெல்லில் தூர் குறையும்.

2. நடவு மிகப் பிந்தினால் அறுவடை ஐப்பசி அடைமழையில் அகப்பட்டு, கதிரிலேயே நெல் முளைக்கும். அந்நிலையில் காரை விடுத்துப் பிசானத்துக்கு ஆயத்தம் செய்வதே நலம்.

3. சாரலும் மந்தாரமும் நீடிக்கும் நாட்களில் தழைச்சத்து உரத்தை மிகுதியாக இடலாகாது, குலைநோய் பெருகும்.

4. கிழக்குக் கிராமங்களில் கிணற்று நீர் கொண்டு பயிரிடுவோர், நெல்லினும் குறைந்த நீர் கொள்ளும் சூரியகாந்தி போன்றவற்றை விதைக்கலாம். வாழைக்கு முட்டுக் கொடுத்தலும் மேற்கு வரப்பில் காற்றுத்தடை மரங்கள் வளர்த்தலும் நன்று.

கிராம அலுவலர்களுக்கு

அடங்கலில் பயிர் விவரம் எழுதுமிடத்து, அந்த ஊரில் அளந்த மழையையும் தனி ஏட்டில் தேதிவாரியாகக் குறித்து வைத்தல் பெரும்பயன் தரும். 2023 டிசம்பர் 18ஆம் தேதி காலையுடன் முடிந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 946 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அருகிலுள்ள பிற ஊர்களில் அந்த அளவு இல்லை. ஓர் ஊரின் மழையைக் கொண்டு மற்றோர் ஊரின் வறட்சியையோ வெள்ளத்தையோ தீர்மானித்தல் இயலாது என்பதற்கு இதுவே சான்று. பத்தாண்டுக் கணக்கு ஒன்று கிராமத்தில் இருக்குமாயின், எந்த வாரத்தில் விதைப்பது, எந்த ஆண்டில் விதையாது நிறுத்துவது என்பதை ஊரார் தாமே அறிந்து முடிவு செய்யலாம்.