குடும்ப ஜெபத்தில் விடுபட்ட பெயர்

அன்பு மகள் இளையவளுக்குப் பெரியம்மா எழுதுவது:

பாளையங்கோட்டை வீட்டின் மாலை ஜெபத்தில் மூத்தவளின் பெயரை இப்போது யாரும் சொல்வதில்லை என்று தெரியவந்ததே இக்கடிதத்திற்குக் காரணம். மணமக்கள் இருவரும் அவரவர் மதத்திலேயே இருந்துகொண்டு, 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, மூன்று சாட்சிகள் முன்னிலையில் மணம் செய்துகொள்ள 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இடமளிக்கிறது. மூத்தவளும் அவ்வாறே மணந்தாள். ஆலயத்தில் ஓலை வாசிக்கப்படாத, அதாவது சபையார் முன் அறிவிக்கப்படாத அந்த மணம், தகப்பனாருக்கு அவமானமாகவும், முழுக்கு ஞானஸ்நானம் பெற்று நகைகளைக் கழற்றிவிட்ட இளையவளுக்குப் பாவமாகவும் பட்டதில் வியப்பில்லை.

இளையவள் எடுத்துக்காட்டும் 'அந்நிய நுகம்', விசுவாசியல்லாதவரோடு பிணைக்கப்படுவதைக் குறிக்கும் சொல். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 6ஆம் அதிகாரத்தில் வருவது. அதே பவுல் முதல் நிருபத்தின் 7ஆம் அதிகாரத்தில், விசுவாசியல்லாத துணை சேர்ந்து வாழச் சம்மதித்தால் அவரைத் தள்ளிவிடலாகாது என்கிறார். கணவனைத் தள்ளவே அனுமதியில்லாதபோது, அவனை மணந்ததற்காக அக்காவைத் தள்ளும் அனுமதி எங்கிருந்து வந்தது?

நாசரேத்தில் இதேபோல் தள்ளிவைக்கப்பட்ட சித்திக்கு நடந்தது இளையவளுக்குத் தெரியும். பாட்டியின் அடக்கத்திற்கு அவளுக்குத் தந்தி கொடுக்க வேண்டாமென்று தடுத்தவர்கள் அனைவரும் தவறாமல் உபவாசம் இருந்தவர்கள். மறுவாரம் கல்லறைக்கு வந்து நின்றவளை வீட்டுக்குள் அழைக்காத அவர்களே, பாகப்பத்திரத்தில் கையெழுத்துத் தேவைப்பட்டபோது மட்டும் ஆள் அனுப்பினார்கள். பக்தியின் பெயரால் செய்யப்பட்ட அந்தக் கொடுமையைப் பெரியம்மாவால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அப்போது வாய்மூடி இருந்த தங்கைகளுள் ஒருத்தியே இளையவளின் தாய். சர்க்கரை கூடி, தூக்கமில்லாமல், இப்போது மூத்த மகளுக்கும் அதுவே நேர்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மூத்தவளின் வளைகாப்புக்குப் போவதும் போகாததும் இளையவளின் விருப்பமே. சடங்கில் நிற்க மனச்சாட்சி இடந்தராவிட்டால் வளையல் அடுக்கி முடிந்தபின் போகலாம், மறுநாள் போகலாம், பிள்ளை பிறந்தபின்னும் போகலாம். போகாமலேயே இருந்துவிடுவதை மட்டும் பெரியம்மாவால் ஒரு வழியாக எண்ண இயலவில்லை. அதற்கு முன், இன்றிரவே ஜெபத்தில் தகப்பனார் காதுபட அக்காவின் பெயரைச் சொல்லலாம். அதற்கு எவருடைய உத்தரவும் வேண்டியதில்லை.

எழுத்தில் கடுமை கூடியிருந்தால் இளையவள் அதை மனத்தில் கொள்ள வேண்டாம்; அவளைப் போல அருமையான, பொறுமையான, ஜெபிக்கிற பிள்ளை இக்குடும்பத்தில் வேறில்லை. தூத்துக்குடி மக்ரூன் இரண்டு பெட்டி வாங்கி வைக்கப்பட்டிருக்கிறது, ஒன்று அவளுக்கே. அக்கா வீட்டுக்குப் புறப்படும் நாளைச் சொன்னால் பெரியம்மாவும் உடன் வருவாள், பேருந்துச் செலவும் பெரியம்மாவுடையதே.