கழுத்து வலியா? மேஜையைக் கவனியுங்க!

வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறீர்களா? சாப்பாட்டு மேஜைதான் ஆபீஸா? சாயங்காலமானால் பின்கழுத்து 'விண் விண்' என்று தெறிக்குமே! தைலத்தைத் தேடுவதற்கு முன்னால் லேப்டாப் எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்று பாருங்கள். நம் தலையின் எடை சுமார் 5 கிலோ. நாள் முழுக்கக் குனிந்தே இருந்தால், அத்தனை பாரத்தையும் கழுத்துத் தசைகள்தானே இழுத்துப் பிடிக்கணும்? வலிக்காமல் என்ன செய்யும்?

பரணில் தூங்கும் தடிப் புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் லேப்டாப்பை வையுங்கள். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வரணும். (பைஃபோகல் கண்ணாடி போட்டவர்களுக்குக் கொஞ்சம் கீழே இருக்கலாம்.) ஆனால் அந்த உயரத்தில் டைப் அடித்தால் தோள்பட்டை தூக்கிக்கொள்ளும். அதனால் தனி கீபோர்டும் மவுஸும் வாங்கிவிடுங்கள். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்! முழங்கை மேஜை மட்டத்துக்கு வரவில்லையா? நாற்காலியில் கெட்டியான தலையணை போடுங்கள். கால் தொங்கினால் கீழே மணைப்பலகை.

ஜன்னல் பக்கவாட்டில் இருந்தால் கண் கூசாது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளி எதையாவது 20 விநாடி பாருங்கள். எதிர்வீட்டு மொட்டைமாடியில் காயும் துணியானாலும் சரி!

கை மரத்துப்போகிறதா, விரலில் பிடிமானம் குறைகிறதா? மேஜையை நகர்த்திக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.