வரைபடக் கோப்பு: முதலில் பார்ப்போம், பிறகு படமாக்குவோம்

 

கண்மாய், தெரு, நில எல்லை எல்லாம் இன்று கணினிக் கோப்புகளாகக் கிடைக்கின்றன. அவற்றைக் கையாள ‘ஜிடால்’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 1998இல் ஃபிராங்க் வார்மர்டாம் தொடங்கியது. சாதாரணக் கணினியிலேயே கட்டளைகளைத் தட்டச்சு செய்து இதை இயக்கலாம். கணினி படிக்கும் நம் பிள்ளைகள் அவசியம் கற்க வேண்டிய ஒன்று.

வரைபடத் தரவு இரு வகை. ஓர் இடத்தைப் புள்ளி, கோடு, எல்லைக்கோடு என எண்களால் குறிப்பது வெக்டர். நிலப்பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரித்து நிறமிடுவது ராஸ்டர். முதலாவதை இரண்டாவதாக மாற்றுவதே படமாக்கல்.

படமாக்கும் முன் ‘ஓஜிஆர்இன்ஃபோ’ கட்டளையால் கோப்பைப் பார்க்க வேண்டும். எத்தனை உருவங்கள், எந்த எல்லைக்குள், எந்த அளவு முறையில் உள்ளன என்று அது சொல்லும். இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் ஏறத்தாழ கிழக்கு 77.6 பாகை, வடக்கு 9.5 பாகையில் உள்ளன. கோப்பில் இதை ஒட்டிய எண்கள் வந்தால் அளவு பாகையில் இருக்கிறது. லட்சக்கணக்கில் வந்தால் பெரும்பாலும் மீட்டரில் இருக்கிறது.

இதைக் கவனிக்காமல் கட்டத்தின் அளவு 10 என்று கொடுத்தால் என்ன ஆகும்? பாகைக் கோப்பில் அது பத்துப் பாகை. தமிழ்நாட்டையே விழுங்கும் ஒரே கட்டம்! ஆகவே முதலில் ‘ஓஜிஆர்டுஓஜிஆர்’ கட்டளையால் மீட்டர் முறைக்கு மாற்ற வேண்டும். நம் பகுதிக்கு உரியது யு.டி.எம். 43 வடக்கு மண்டலம். அதன் பிறகே ‘ஜிடால் ராஸ்டரைஸ்’ கட்டளை.

இங்கேதான் முக்கியமான பாடம். 10 மீட்டர் கட்டம் ஒன்று 100 சதுர மீட்டர், அதாவது சுமார் இரண்டரை சென்ட். கட்டத்தின் நடுப்புள்ளி எல்லைக்குள் விழுந்தால்தான் அதற்கு நிறம் கிடைக்கும். எனவே 30 அடிக்கு 29 அடி உள்ள இரண்டு சென்ட் மனை, படத்தில் இரண்டரை சென்ட் ஆகலாம். அடியோடு காணாமலும் போகலாம். தொட்ட கட்டங்களுக்கெல்லாம் நிறமிடச் சொன்னால் அதே மனை பெருத்துவிடும்.

ஆகவே கண்மாய் எங்கே, ஓடை எப்படி வருகிறது என்று அறிய இந்தப் படம் போதும். வீட்டு மனை, வக்ஃபு நிலம், மையவாடி ஆகியவற்றின் எல்லையை இதை வைத்துப் பேசக் கூடாது. அதற்குப் புலப்படமும் சர்வேயரின் அளவையுமே ஆதாரம். கைப்பேசியில் வரும் படத்தைக் காட்டி அண்டை வீட்டாரோடு மனத்தாங்கல் கொள்ளாதிருப்போம். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.