கப்பலை நீங்கா மாலுமி

இரண்டாம் உலகப்போரில் திமோர் தீவிலிருந்த படையினரை மீட்கச் சென்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் ‘ஆர்மிடேல்’, 1942 டிசம்பர் 1 அன்று ஜப்பானிய வானூர்திகளால் தாக்கப்பட்டது. டார்பிடோக்கள் பாய்ந்து கப்பல் மூழ்கத் தொடங்கவே, அதனைக் கைவிடுமாறு ஆணை பிறந்தது. கடலில் தத்தளித்தோரையும் வானூர்திகள் சுட்டன. அதைக் கண்ட டெடி ஷீன் என்னும் மாலுமி, தாம் காயமுற்றிருந்தும் கப்பலை விட்டு நீங்கவில்லை. பின்தளத்துப் பீரங்கியோடு தம்மைப் பிணைத்துக்கொண்டு எதிர்த்துச் சுட்டார். கப்பல் நீரில் அமிழும்வரை அப்பீரங்கி ஓயவில்லை.

கப்பலிலிருந்த 149 பேருள் உயிர் தப்பியோர் 49 பேரே. அவர்கள் கூறிய சான்றுகளே ஷீனின் ஈகத்தை உலகறியச் செய்தன. 78 ஆண்டுகளுக்குப் பின், 2020இல் அவருக்கு விக்டோரியா சிலுவை விருது வழங்கப்பட்டது. ஆஸ்திரேலியக் கடற்படையில் அவ்விருதைப் பெற்ற முதல் வீரர் அவரே. பிறர் உயிர் காக்கத் தம்முயிர் ஈந்தபோது, அவருக்கு வயது 18.