முதல் சம்பளம் வாங்கிய பிள்ளைகளுக்கு

வேலை கிடைத்துவிட்டது. கோச்சிங் சென்டர், ஹால் டிக்கெட், ரிசல்ட்டுக்காகக் காத்திருந்த ராத்திரிகள் எல்லாம் முடிந்தன. இனி முப்பது வருஷத்துக்குக் குறையாமல் உத்தியோகம். அத்தனை வருஷத்தையும் சம்பளத் தேதியிலிருந்து சம்பளத் தேதிவரை என்று எண்ணியே கழித்துவிட்டு, பணிநிறைவு விழாவில் சால்வையும் மாலையுமாக உட்கார்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நல்ல மனிதர்கள், யாரையும் கெடுத்ததில்லை. ஆனால் மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. அந்த நிலை உங்களுக்கு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். மதுரைப் பக்கம் வேலை பார்த்தவன், அதனால் பெரும்பாலும் இந்தப் பக்கத்து விஷயங்களையே சொல்வேன்.

1. சம்பளம் வராத ஒரு வேலையையும் இப்போதே கையில் எடுங்கள். ரிட்டயர் ஆனபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். ஐராவதம் மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரி. ஃபைல் பார்க்கவே நேரம் போதாத பதவி. அதற்கிடையில் குன்று குன்றாக ஏறி, இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய தமிழ் எழுத்தைப் படித்தார். 1965-ல் புகளூர்க் கல்வெட்டில் சேர மன்னர்களின் பெயர்களைப் படித்துக் காட்டினார். சிந்துவெளி எழுத்துகளைத் தொகுத்த புத்தகம் 1977-ல் வந்தபோதும் அவர் அரசுப் பணியில்தான் இருந்தார். தமிழ் பிராமி என்கிற அந்தப் பழைய எழுத்தைப் பற்றிய அவருடைய பெருநூல் 2003-ல் வந்தது. அப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

பெரிய அதிகாரிக்குத்தான் இது முடியும் என்று நினைக்க வேண்டாம். கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். பழைய புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் எடைக்குப் போட்டதையெல்லாம் சேர்த்து வைத்தார். 1992-ல் அவர் காலமான பிறகு, அந்தச் சேகரிப்பை வைத்துத்தான் 1994-ல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் உருவானது.

உங்கள் வேலை இத்தனை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. மொட்டைமாடியில் நாலு கத்தரிச்செடி போதும். பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாலும் போதும். ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள்: யாரும் பார்க்காவிட்டாலும், யாரும் பாராட்டாவிட்டாலும் அதைச் செய்வீர்களா? செய்வீர்கள் என்றால் அது உங்களுடையது.

2. வேலை பார்க்கும் ஊரைச் சுற்றி என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகத்தான் செய்வீர்கள், போய் வாருங்கள். அதற்கு முன்னால் டவுன் பஸ் போகிற தூரத்தில் இருப்பதைப் பாருங்கள்.

மேலூர் பக்கம் மாங்குளம் மலைக்கு வெயில் ஏறுமுன் போங்கள். குகையின் நெற்றியில், மழைத்தண்ணீர் உள்ளே இறங்காதபடி பாறையில் நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பார்கள். அதை ஒட்டி, மகாதேவன் படித்த அதே தமிழ் பிராமி எழுத்து இருக்கும். உச்சிவெயிலில் போனால் வெறும் பாறைதான் தெரியும். காலையில் வெளிச்சம் சாய்வாக விழும்போது கோடுகள் எழும்பி வரும். கூட்டல் குறி மாதிரி இருந்தால் அது ‘க’. செங்குத்தாக ஒரே கோடு என்றால் ‘ர’. இரண்டு எழுத்து தெரிந்ததுமே உடம்பு சிலிர்க்கும். நெடுஞ்செழியன் என்ற பெயர் அங்கே இருக்கிறது. வெள்ளறை ஊர் வணிகர் குழுவும் இருக்கிறது. சமணத் துறவிகள் படுப்பதற்குக் கல்லில் படுக்கை அமைத்துக் கொடுத்ததைத்தான் அப்படிப் பதிந்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்படுக்கையைக் கையால் தடவிப் பாருங்கள், தலைமாட்டில் கொஞ்சம் உயர்த்தி வெட்டியிருப்பார்கள். எழுத்து இருக்கும் இடத்தில் மட்டும் விரல் படக்கூடாது.

பக்கத்திலேயே அரிட்டாபட்டி. பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயில், சுனைகள், வல்லூறும் ராஜாளியும் வட்டமிடுகிற பாறை. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்துத்தான். 2024 கடைசியில் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் அந்தப் பகுதியும் சேர்ந்திருக்கிறது என்று தெரிந்தபோது ஊர்க்காரர்கள் மதுரைவரை நடந்தே வந்தார்கள். எந்தக் கண்மாய்க்கு எந்த மலையிலிருந்து தண்ணீர் வருகிறது, எந்தப் பாறையில் எந்தப் பறவை கூடு வைக்கிறது என்று அவர்களால் சொல்ல முடிந்தது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. எனக்கு அது பெரிய பாடம். தான் இருக்கிற இடத்தை அப்படி அறிந்தவர்களை யாராலும் லேசில் நகர்த்திவிட முடியாது. நம்மில் எத்தனை பேருக்குக் குடியிருக்கிற தெருவின் மழைத்தண்ணீர் எங்கே போகிறது என்று தெரியும்?

3. சாப்பிடும்போது போனை வேறு அறையில் வையுங்கள். ரசத்தில் இன்றைக்குப் பெருங்காயம் கூடவா குறைவா என்று தெரிய வேண்டும். சமைத்தவரிடம் அதைச் சொல்லவும் வேண்டும்.

4. முதல் மூன்று வருஷம் தவணைக் கடன் வாங்காதீர்கள். கார், பெரிய டி.வி., கல்யாணத்துக்கு மண்டபம் என்று ஒவ்வொன்றுக்கும் இ.எம்.ஐ. கட்டத் தொடங்கினால், பிடிக்காத வேலையை விடவும் முடியாது, அநியாயமான உத்தரவை மறுக்கவும் நாக்கு எழாது. தைரியத்தை அடகு வைத்து வாங்குகிற பொருள் எதுவும் வேண்டாம்.

5. நல்லதுக்குப் போக முடியாவிட்டாலும் கெட்டதுக்குப் போங்கள். வாட்ஸ்அப்பில் கைகூப்பிய படம் அனுப்பியதோடு நிறுத்தாதீர்கள். துக்க வீட்டில் பேசத் தெரியவில்லையே என்ற தயக்கமே வேண்டாம். அங்கே யாரும் உங்கள் பேச்சைக் கேட்கக் காத்திருக்கவில்லை. பெஞ்சை நகர்த்திப் போடுங்கள், வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுங்கள், மார்ச்சுவரிக்கு அலைய ஆள் இல்லையென்றால் கூடப் போங்கள். பதினாறாம் நாள் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு இன்னொரு தடவை போங்கள். அந்த இரண்டாவது தடவைதான் முக்கியம், ஏனென்றால் அப்போதுதான் அந்த வீட்டில் ஆளே இருக்காது.

6. ரத்தம் கொடுங்கள். பதினெட்டு வயது நிறைந்து, எடை 45 கிலோவும் ஹீமோகுளோபின் 12.5-ம் இருந்தால் போதும். நோய் எதுவும் இல்லை என்று டாக்டர் பார்த்துச் சொல்வார். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். பெரியாஸ்பத்திரி ரத்த வங்கி வாசலில் சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டுக் கெஞ்சிக்கொண்டு நிற்பவர்களை ஒருதரம் பார்த்தால் நான் சொல்வது புரியும்.

7. வீட்டில் தாத்தா, அப்பத்தா யாராவது இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் உட்காருங்கள். “சௌக்கியமா, மாத்திரை போட்டீங்களா” என்பதோடு எழுந்துவிடாதீர்கள். குறிப்பாகக் கேளுங்கள். கல்யாணமாகி இந்த ஊருக்கு எதில் வந்தீங்க? தண்ணீர் எங்கே போய் எடுத்தீங்க? பஞ்ச காலத்தில் என்ன சாப்பிட்டீங்க? பள்ளிக்கூடத்தை எப்போ நிறுத்தினாங்க, யார் நிறுத்தினது? கடைசிக் கேள்விக்குப் பதில் வர நேரமாகும். அவசரப்படுத்தாமல் இருங்கள்.